பழைய பாதை வாங்குவோர்க்கு

விழா மலருக்கு யாம் எழுதித் தருவது பழந்தமிழர் கடல்வாணிகம் பற்றிய கட்டுரையாக இருக்குமென்று மலர்க்குழு நண்பர்கள் எதிர்பார்த்தனர். கலம் பற்றியே எழுதுகின்றோம். ஆயின் அது பழந்தமிழர் கலமன்று. சென்ற ஆண்டு ஒருகொடவத்தையிலுள்ள ஒரு முற்றத்தில், கொள்கலன்களுக்கும் பழைய இரும்புக் குவியல்களுக்கும் இடையே, விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்த பாதைகளைப் பற்றியது.

பாதை என்றவுடன் இளைய மாணவர் வழி என்றே பொருள் கொள்வர். அகராதியும் அவர் பக்கமே. ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்வோர்க்கும், காரைநகர்க்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடப்போர்க்கும், நீரின்மேல் மிதந்து ஆளையும் சைக்கிளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் தட்டையான கலமே பாதை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போவோர் பாதையில் நடப்பதில்லை, பாதையில் ஏறுவர். கீழே நீர்புகா மிதவைகள் இரண்டோ மூன்றோ, மேலே தளம், அதன்மேல் ஒரு கூரை: இவ்வளவே அதன் அமைப்பு. வணிகர் இதன் சிறுவகையைப் 'பொன்ரூன்' என விலை கூறுகின்றனர். அமெரிக்க நாட்டு மினசோட்டாவில் 1950களின் தொடக்கத்தில் அம்புரோசு வீரெசு என்பவர் இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து, அவற்றின்மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் விட்டார். இன்று அங்கே பல்லாயிரக்கணக்கில் ஓடும் உல்லாசப் பொன்ரூன்களுக்கு அதுவே முன்னோடி.

நம் கல்லூரியின் பழைய மாணவர் மூவர் ஒரு ஞாயிறு காலை எம் இல்லத்துக்கு வந்தனர். ஒருவர் வங்கியில் பணி செய்பவர். ஒருவர் வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் வாவியின் படுவான்கரைச் சிற்றூரொன்றில் ஆசிரியர். அம்மூன்றாமவரின் ஊரில் பிள்ளைகள் எழுவான்கரைப் பள்ளிக்குச் செல்லத் தோணியையே நம்பியிருக்கின்றனர். தரைவழியே சுற்றிப் போவதாயின் ஒரு காலைப்பொழுது போய்விடும். மூவரும் தம் வகுப்புத் தோழரிடம் பணம் சேர்த்து, பழைய பொன்ரூன் ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பத் துணிந்தனர். "சேர், நீங்கள் ஓடாவி வீட்டுப் பிள்ளை. ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று அழைத்தனர்.

ஓடாவியின் மகன் என்பது உண்மையே. எந்தை வாவிக்கரையில் வள்ளம் கட்டியவர், பழுது பார்த்தவர். ஆயினும் அவ்வழைப்பை ஏற்க யாம் முதலில் விரும்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனை மறைத்து இப்பாடத்தை எழுதுவது முறையன்று.

ஆசிரிய பயிற்சி முடித்து யாம் முதன்முதற் பணியேற்ற பள்ளி ஒரு நீர்க்கரையில் இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பழைய பாதையொன்று வாங்கினர். நாடிப் பார்க்க அனுப்பப்பட்டவர் யாமே. இரும்பு மிதவைகள், புதிதாகப் பச்சை வர்ணம் பூசப்பட்டிருந்தன. கையால் தட்டினோம், கணீரென ஒலித்தன. நன்று என்றோம். ஒன்பதாம் நாள் காலை அது துறையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து நீருள் கிடந்தது. மிதவையின் உட்புறத்துத் துரு தகட்டை அடிப்பக்கமாகத் தின்றிருந்தது; யாம் தட்டியது மேற்பக்கத்தை. இரவில் மூழ்கியதால் எவர்க்கும் தீங்கில்லை. காலை ஏழு மணியாயின், அதில் முப்பது பிள்ளைகள் இருந்திருப்பர். விற்றவரை நோவதற்கில்லை, அவர் நீர்நிலை கூறவுமில்லை, யாம் கேட்கவுமில்லை.

இவ்வச்சம் எமக்கு மட்டும் உரியதன்று. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்கென வழி மூடப்பட்டிருந்த காலத்தில் ஓடிய மிதவைப்பாதை 2021 நவம்பர் 23 காலை கவிழ்ந்தது; பள்ளிச் சிறுவர்கள் உட்பட உயிர்கள் பல போயின. மறுநாள், நவம்பர் 24இல், எம் வீட்டுக்கு அணித்தாகக் களனி ஆற்றின்மேல் கம்பி வடங்கள் தாங்கும் புதிய பாலம் விளக்கொளியில் திறந்து வைக்கப்பட்டது. அன்றிரவு எம் தெருவினர் மாடியில் நின்று அவ்வொளியைப் பார்த்தனர். யாம் பார்க்கவில்லை.

மிதவையின் வரலாறு இவ்வூருக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்லல் தகும். ஒருகொடவத்தைக்கு அண்மையிலுள்ள கிராண்ட்பாஸைத் தமிழர் பாலத்துறை என்பர். 1822இல் அங்கே களனியின் குறுக்கே மரப்படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு, அவற்றின்மேல் பலகை விரித்துப் படகுப்பாலம் அமைத்தனர். ஆற்றிலே பாரப்படகுகள் செல்ல வேண்டியபோது நடுவிலுள்ள படகுகளை விலக்கி வழிவிடுவர். 1895இல் இரும்பாலான விக்டோரியாப் பாலம் வந்து அதற்கு ஓய்வளித்தது. எழுபது ஆண்டுக்கு மேலாக அப்படகுப்பாலத்தை நிலைபெறச் செய்தது மரத்தின் வலிமை மட்டுமன்று. பழுதுற்ற படகைக் கழற்றி மற்றொன்றை வைக்கலாம் என்பதும், அதைச் செய்யத் தெரிந்த ஓடாவிமார் கரையிலேயே இருந்தனர் என்பதும் ஆகும். இக்கருத்தை மாணவர் மனத்திருத்துக. பின்னர் வருவன யாவும் இதனைச் சார்ந்தவை.

முற்றத்தில் மூன்று பொன்ரூன்கள் இருந்தன. மூன்றும் ஏறக்குறைய ஓரளவின: இரண்டு உருளை மிதவைகள், ஒவ்வொன்றும் 2 அடி விட்டமும் 20 அடி நீளமும் உடையன. ஒன்று அலுமினியம், அமெரிக்க ஏரியொன்றில் ஓடியது என்றனர், வெயிலில் வெள்ளித் தாம்பாளம்போல் மின்னியது. ஒன்று உருக்கு, கறுப்பு வர்ணம். ஒன்று கண்ணாடியிழை, கடலோரத்தார் 'பைபர்' என்பது. நிறம் மங்கி, விரலால் தொட்டால் சுண்ணாம்பு போன்ற தூள் ஒட்டியது. மூவரின் கண்களும் அலுமினியத்தின்மேலேயே நின்றன.

பொருளைப் பார்க்குமுன் கணக்கைப் பார்ப்போம் என்றோம். உருளையொன்றின் கனவளவு ஏறத்தாழ 63 கன அடி. அது முற்றாக அமிழ்ந்தால் ஏறத்தாழ 1780 கிலோகிராம் நன்னீரை விலக்கும். இரண்டும் சேர்ந்து 3560. ஆனால் அம்முழுத் தொகையை எவரும் கணக்கில் எடுத்தல் கூடாது. உருளையின் அகலம் நடுவிலேதான் மிகுதி. பாதி அமிழும்வரை ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவை சிறிது சிறிதாகவே தாழும். பாதியைக் கடந்தால், நீரைத் தொடும் அகலம் குறைந்து கொண்டே போக, அதே ஒருவர் ஏறக் கலம் முன்னிலும் அதிகமாகத் தாழும். ஒருபுறம் சாய்ந்தால் நிமிரும் ஆற்றலும் குன்றும். ஆதலின் கலத்தின் சொந்த நிறையும் ஆட்களின் நிறையும் சேர்ந்து பாதி அளவாகிய 1780 கிலோகிராமுக்குள் அடங்க வேண்டும்.

இனி நிறை. தளம், கூரை, இருக்கை, வெளியிணைப்பு இயந்திரம் யாவும் சேர்ந்து 600 கிலோகிராம் என்க. அடுத்து மிதவைகள். இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டால் ஆயின் இரண்டும் சேர்ந்து 180 கிலோகிராம் வரை வரும். மூன்று மில்லிமீற்றர் உருக்காயின் 620 வரை. ஆறு மில்லிமீற்றர் கண்ணாடியிழையாயின் 250 வரை. ஆள் ஒருவர்க்கு 75 கிலோகிராம் எனக் கொண்டு வகுத்தால், அலுமினியக் கலத்தில் 13 பேர், கண்ணாடியிழைக் கலத்தில் 12 பேர், உருக்குக் கலத்தில் 7 பேர். ஒரே வடிவம், ஒரே அளவு. பொருள் மாறியதால் ஆறு பேர் கரையிலே நிற்க நேர்கின்றது. வங்கியில் பணி செய்பவர் இக்கணக்கைத் தம் கைப்பேசியில் மும்முறை போட்டுப் பார்த்தார்.

"அப்படியென்றால் அலுமினியம்தானே, சேர்?" என்றார் கடைக்காரர்.

இங்கேதான் பாடத்தின் கடினமான பகுதி தொடங்குகின்றது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றை வளர்த்துக்கொள்ளும். அதுவே அதன் கவசம். நன்னீர் ஏரியில் அக்கவசம் பல்லாண்டு நிற்கும். உவர்நீரில் உள்ள குளோரைட்டு அதனைத் துளைக்கும். துளைத்த இடத்தில் ஊசிமுனை போன்ற குழிகள் தோன்றும். மகனீசியம் கலந்த கலப்புலோகங்கள் இதனைப் பெரிதும் தாங்கும். 5052, 5083, 5086 என்னும் இலக்கமுடையவை அவ்வகையின. செம்பு கலந்த வலிய வகைகள் ஆகாயவிமானத்துக்கு ஏற்றன, கடலுக்கு ஏலாதன. ஆகவே விற்பவரிடம் முதலிற் கேட்க வேண்டியது கலப்புலோக இலக்கம். கட்டியவர் பெயர்த்தகட்டிலோ பத்திரத்திலோ அது இருத்தல் கூடும்.

நல்ல வகையாயினும் அதற்குப் பகை உண்டு. இரு வேறு உலோகங்கள் உவர்நீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகின்றது. இரண்டில் எளியது கரைந்து போகின்றது. இவ்வுண்மையை ஆங்கிலக் கடற்படை பெரும்பொருள் செலவிட்டுக் கற்றது. 1761இல் அலாம் என்னும் மரக்கப்பலின் அடியில், கப்பற்புழு துளையாதிருக்கச் செப்புத்தகடு அறைந்தனர். புழு துளைக்கவில்லை, ஆனால் செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துப் போயின. பின்னர் 1824இல் அம்பிரி டேவி என்னும் அறிஞர், செம்பின்மேல் நாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாகப் பொருத்தினால் அத்துண்டே கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். காக்கப்பட்ட செம்பு கரையாததால் அதன்மேல் சிப்பியும் பாசியும் தாராளமாக வளர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன என்பது வேறு கதை. அந்தத் தியாகத் துண்டு இன்றும் ஒவ்வொரு உலோகக் கலத்தின் அடியிலும் உண்டு. கடலுக்கு நாகம், நன்னீருக்கு மகனீசியம், வாவிபோல் இரண்டும் கலந்த நீருக்கு அதற்கென வார்த்த அலுமினியக் கலப்பு. முற்றத்திலிருந்த அலுமினியப் பொன்ரூனின் அடியில் அத்துண்டு இருந்த அடையாளமே இல்லை.

தளத்தை ஓரிடத்தில் பெயர்த்துப் பார்க்க இசைவு கேட்டோம். செம்புச்சத்து ஊட்டிப் பதனிட்ட ஒட்டுப்பலகை. அதன் மேல் ஈரம் தேங்கிய விரிப்பு. அதன் கீழே அலுமினியச் சட்டங்கள் வெண்தூள் பூத்து, விரல்நகத்தால் சுரண்டினால் பொடியாய் உதிர்ந்தன. மின்னியது வெளிப்புறம் மட்டுமே. மீண்டும் பச்சை வர்ணப் பாதை எம் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் எழுந்து சென்று வெளியே சிறிது நேரம் நின்றார். அலுமினியத்தை முதலிற் கண்டுபிடித்தவர் அவர்.

உருக்கைப் பற்றி நீட்டித்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சந்தியிலும் அதற்கு வெல்டிங் பட்டறை உண்டு என்பது அதன் பெருஞ்சிறப்பு. நிறையே அதன் பெருங்குறை. முற்றாக அடைபட்ட உருளையுள் இருக்கும் காற்றின் ஒட்சிசன் தீர்ந்தவுடன் உட்துரு நின்றுவிடும். ஓர் ஊசித்துளை இருந்தால் நிற்காது. ஆகவே உருக்கு மிதவையை வாங்குவோர் கீழ்ப்பாதியையே சிறு சுத்தியலால் தட்டுக. ஒலிமங்கும் இடத்தைக் குறித்து, செவியுணரா ஒலியலையால் தடிப்பு அளக்கும் சிறு கருவியை வாடகைக்கு எடுத்து அளந்து பார்க்க. எம்மிடம் அன்று அக்கருவி இருந்திருக்குமாயின் இக்கட்டுரையின் முற்பகுதி வேறாயிருக்கும்.

முற்றத்தார், வேண்டுமாயின் கறுப்புப் பொலித்தீன் குழாய்களால் புதிதாக மிதவை செய்து தரலாம் என்றும் கூறினர். அது துருப்பிடியாது, நீரினும் இலேசானது, கல்லில் மோதினாலும் உடைவது அரிது. கறுப்பு நிறத்துக்குக் காரணமான கரித்தூள் வெயிலின் கேட்டைத் தடுக்கும். நீலப் பீப்பாய்களில் அக்கரித்தூள் இல்லாமையால் அவை சில கோடைகளில் நொறுங்கத் தொடங்கும். ஆயின் பொலித்தீனுக்குப் பசையும் ஒட்டாது, வர்ணமும் நில்லாது. வெப்பத்தால் உருக்கி இணைக்கும் பொறி வேண்டும். அன்றியும் இருபதடிக் குழாய் காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே இரண்டு சென்ரிமீற்றர் வரை நீளும். அதனை இறுகப் பூட்டினால் பூட்டு உடையும். பிடி இளக்கமாக அமைக்கத் தெரிந்தவர் கைக்கே அது உரியது.

எஞ்சியது மங்கிய நிறத்துக் கண்ணாடியிழைக் கலம். இப்பொருள் நம்மவர்க்குப் புதிதன்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டார் உதவியோடு காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டிற்று. அதன்பின் நாட்டின் கரையெங்கும் மீனவர் மரத்தை விட்டு இதற்கு மாறினர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகள் பல தரங்குறைந்தன என்பதும் அறிந்ததே. ஆதலின் கண்ணாடியிழை என்ற பெயர் மட்டும் காப்பாகாது.

சோதிக்கும் முறை எளிது. ஒரு நாணயத்தை எடுத்து ஒரு சாண் இடைவெளியில் மிதவை முழுதும் தட்டிக்கொண்டு செல்க. இறுகிய இடம் கூர்மையாக ஒலிக்கும். படை பிரிந்த இடம் அட்டையைத் தட்டியது போல் ஒலிக்கும். நீர்மட்டத்தின் கீழ்க் கொப்புளங்கள் உளவோவெனப் பார்க்க. கண்ணாடியிழையின் உட்புகுந்த நீர் பிசினோடு சேர்ந்து அவற்றை உண்டாக்கும். ஒன்றைக் குத்தினால் வினாகிரி மணம் வீசும். மேற்றோலில் சுண்ணாம்புத் தூள் படிதல் வெயிலின் வேலை. அது முதுமையின் நரையேயன்றி நோயன்று. நட்சத்திரம் போல் விரியும் கீறல் மோதிய இடத்தைக் காட்டும். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே மரம் இருக்கும். அதன் புரியாணி ஒன்றைக் கழற்றி, துளையுள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, அதில் கறுத்த ஈரம் ஒட்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.

எப்பொருளாயினும் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்றுண்டு: மிதவையின் உள்ளே தடுப்புச்சுவர்கள் உளவா? இருபதடி உருளை ஒரே அறையாயின் ஒரு துளை போதும். 1780 கிலோகிராம் தாங்கும் ஆற்றல் முழுதும் போய்விடும். நான்கு அறையாயின் ஒன்று நிறைந்தாலும் போவது 445 மட்டுமே. யாம் முன்னர் நன்று என்ற பாதையில் தடுப்பே இல்லை. இதனை அறிய வழி: அறைக்கு அறை உள்ள அடைப்பானைக் கழற்றி, சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றடித்து, இரண்டு இறாத்தல் அமுக்கத்துக்கு மேற்போகாமல் நிறுத்தி, மூட்டுகளிலெல்லாம் சவர்க்கார நீர் பூசுக. எங்கே குமிழி எழுகிறதோ அங்கே ஒழுக்கு. ஓர் அறையில் அடித்த காற்று அடுத்த அறையில் சீறுமாயின் தடுப்புச்சுவர் பெயரளவில் உள்ளது.

மறு ஞாயிறு இதனைச் செய்தோம். படுவான்கரை ஆசிரியர் பம்பு பிடித்தார். வங்கியார் சவர்க்கார நீர் பூசினார். எட்டு அறைகளில் ஏழு காற்றைத் தாங்கின. இடப்பக்க மிதவையின் பின்னறையில், தாங்கியின் புரியாணி அடியில் சிறு குமிழிகள் நிரையாக எழுந்தன. கொப்புளம் மூன்று, பின்பலகை உலர்ந்திருந்தது.

"உங்கள் ஊரில் பைபர் ஒட்டுபவர் உளரா?" என்று கேட்டோம்.

"எங்கட துறையிலேயே இரண்டு பேர் இருக்கினம், சேர்."

"அலுமினியம் ஒட்டுபவர்?"

அவர் சிந்தித்தார். மட்டக்களப்புப் பட்டினத்தில் ஒருவர் இருக்கலாம் என்றார். அவரிடம் கொண்டு செல்லக் கலத்தை நீரிலிருந்து தூக்கி லொறியில் ஏற்ற வேண்டும். மாரியில் முகத்துவாரம் திறந்து கடல்நீர் புகும், வெள்ளம் வந்தால் நன்னீர் பெருகும், கோடையில் உவர் ஏறும் வாவி அது. அந்நீரில் இடையறாது தியாகத் துண்டைப் பார்த்து மாற்றுவதற்கும், செம்பு கலந்த பாசித்தடை வர்ணத்தை அறியாமல் யாரும் பூசிவிடாதிருப்பதற்கும் அவ்வூரில் ஒருவரைப் பழக்க வேண்டும். செம்பு வர்ணம் அலுமினியத்துக்கு நஞ்சு. கண்ணாடியிழைக்கு அஃது உறவே.

மரத்தை விரும்பும் மூத்தோர் இவ்விடத்தில் எம்மைக் கடிந்து கொள்ளக்கூடும். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டிய அன்னபூரணி என்னும் கப்பலை அமெரிக்கரான ரொபின்சன் என்பவர் விலைக்கு வாங்க, நம்மவரே அதனைச் செலுத்தி 1938இல் மசச்சூசெற்சு மாநிலத்துக் குளொசெசுற்றரில் சேர்த்தனர். பழைய கலம் வாங்கியவர்களுள் அவர்போல் நற்பேறு பெற்றோர் சிலரே. ஆனால் அக்கப்பலைக் கட்டியவர் கையும் அதற்குரிய மரமும் இன்று எளிதில் கிடைப்பனவல்ல. எந்தையின் உளிகள் எம் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க எமக்குத் தெரியாது.

விலை பேசுகையில் அலுமினியத்தின் விலையை முற்றத்தார் தாமாகவே குறைத்தனர். கடைக்காரர் ஒருமுறை எம்மைப் பார்த்தார். யாம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தலையை அசைத்து, கண்ணாடியிழைக் கலத்துக்கு ஒழுகும் அறையையும் மூன்று கொப்புளங்களையும் காட்டி விலையைக் கீழிறக்கினார். அப்பணத்தில் பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகள் வாங்கலாமென வங்கியார் கணக்கிட்டார்.

கலத்தை லொறியில் ஏற்றுமுன் அதன் இருபக்கமும் வெள்ளை வர்ணத்தால் ஆள் தொகை எழுத வேண்டுமென்றோம். பன்னிரண்டில் ஓட்டுநர் ஒருவர் போகப் பதினொன்று. "சின்னப் பிள்ளையள் இரண்டு பேரை ஒராளாக எண்ணலாமோ, சேர்?" என்று படுவான்கரை ஆசிரியர் கேட்டார். நிறைக்கணக்கில் அது பொருந்தக்கூடியதே. எண்ணலாகாது என்றோம். அவர் தூரிகையை வாங்கித் தம் கையாலேயே 11 என்று எழுதினார். வர்ணம் உலருமுன் லொறி ஒருகொடவத்தைச் சந்தியைக் கடந்து புதிய பாலத்தின்மேல் ஏறிவிட்டது.